சிடுமூஞ்சியின் வானம்

"நாலு மணின்னா நாலு மணிதான். நாலு அஞ்சு கிடையாது" என்று கதவைத் திறந்துகொண்டே சொன்னார் சாவிக்கார அக்கா. "லாரி வந்து நின்னா நான் திறந்தே ஆகணும். அப்புறம் என்னைப் பார்த்து முகத்தைத் தொங்கப்போடக் கூடாது."

"எங்களுக்கு ஒரு மணி நேரம் போதும்க்கா" என்றாள் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"ஒரு மணி நேரம் போதும்னு சொன்னவங்க யாரும் ஒரு மணி நேரத்துல எழுந்து போனதா எனக்கு ஞாபகம் இல்லை."

அக்காவின் இடுப்பில் ஒரு பெரிய வளையம் நிறையச் சாவிகள். இருபத்திரண்டு வருஷமாக அந்த அறிவியல் கூடத்தின் கதவுகள் எல்லாம் அந்த வளையத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று அவர் குனிந்து பார்த்ததே கிடையாது. பேச்சு பாட்டுக்குப் பேச்சு போகும், விரல் பாட்டுக்குச் சாவியை எடுக்கும்.

நட்சத்திர அரங்கத்துக்குள் நுழைந்ததும் வெளியே இருந்த மத்தியானம் காணாமல் போனது. வெயில், வண்டிச் சத்தம், பக்கத்துக் கட்டடத்தில் யாரோ சுத்தியல் அடிக்கிற ஓசை, எல்லாம் கதவோடு நின்றுகொண்டன. உள்ளே கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல ஒரு வெள்ளைக் கூரை. அதன் கீழே வட்ட வட்டமாகச் சாய்வு நாற்காலிகள். நடுவில் அண்ணாந்து பார்த்தபடி ஒரு புரொஜெக்டர். ஓரத்தில் ஒரு மேஜை, அதன் அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர். இன்று நாலு மணிக்குப் புரொஜெக்டரைக் கழற்றி வேறு ஊருக்கு ஏற்றிப்போகிறார்கள். அப்புறம் இது வெறும் கிண்ணம்.

மெக்கானிக்கின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்த கணவர் நின்று, நாக்கை ஒரு தடவை சொடுக்கினார். சத்தம் மேலே போய்ச் சுற்றிவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தது.

"ரெண்டு மாடி உயரம் இருக்கும்" என்றார்.

"ரெண்டரை."

"அரைமாடிக்கெல்லாம் சண்டை போடாதே, சிடுமூஞ்சி."

கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிட்டார். முதலில் கோபம் வந்தது. பிறகு அவர் எப்போதாவது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், என்ன ஆச்சோ என்று கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவரத் தொடங்கினாள்.

அவர் ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுப்பவர். ஆயிரம் குரல்களை ஞாபகம் வைத்திருப்பவர். ஆனால் கண்ணிலிருந்து பதினாலு வயதிலேயே நட்சத்திரங்கள் போய்விட்டன. இருட்டில் பார்வை எடுபடாத வியாதி. அதற்கப்புறம் வருஷா வருஷம் ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிச் சுருங்கி, இப்போது ஒரு மோதிரத்தின் வழியாகப் பார்க்கிற அளவு மிச்சம். அந்த மோதிரத்துக்குள் பெரிதாக, வெளிச்சமாக எது வந்தாலும் தெரியும். மங்கலாக இருந்தால் தெரியாது.

போன மாதம் கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "அடுத்த தடவை நீங்க வர்றப்ப இந்த வளையம் இருக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது கேட்டார். "நட்சத்திரம் எப்படி இருக்கும்னே மறந்து போச்சு. எங்கயாவது பெருசா, வெளிச்சமா பார்க்க முடியுமா?"

அதற்காகத்தான் இந்த அரங்கம். ஒன்பது நாள் கடையில் ரிப்பேருக்கு வந்ததையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, அவள் ஒரு வானம் செய்தாள். ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு தட்டு அளவு. அவர் கழுத்தைத் திருப்பித் தேட வேண்டியதில்லை. வானமே மெல்ல நகர்ந்து, ஒவ்வொரு நட்சத்திரமாக அவருடைய மோதிரத்துக்குள் வந்து போகும். முழுச் சுற்றுக்கு நாற்பது நிமிஷம். அரங்கத்துக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை ஆபீஸ்காரர்கள் போன வாரமே கழற்றிக்கொண்டு போய்விட்டதால், கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ், நட்சத்திரம், நகர்த்துகிற நிரல் எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் அடைத்தாள். செருகி ஆன் செய்தால் நேராக வானம். செவ்வாய்க்கிழமை கடையில் போட்டுப் பார்த்தபோது வந்தது, பிசிறில்லாமல்.

"பென் டிரைவைக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"புதுசுதானே? பழைய காப்பி இல்லையே?"

"புதுசேதான். நானே சரிபார்த்து எடுத்துட்டு வந்தேன்." குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது. அப்போது அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவரைக் கூட்டிப்போய் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் சாய வைத்தாள். சாவிக்கார அக்காவும், "காலாவது ஓயட்டும்" என்று கதவோரத்து நாற்காலியில் சாய்ந்தார். மெக்கானிக் மேஜைக்கு வந்து, செருகி, ஆன் செய்தாள்.

மானிட்டர் என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் கூரையில்தான் சொல்லும். ஜன்னல் அளவு எழுத்துக்கள் வளைந்து, விரிந்து, அந்தரத்தில் நின்றன. படிக்க வேண்டுமானால் அண்ணாந்துதான் படிக்க வேண்டும்.

"என்ன சொல்லுது?" என்றார் கணவர். கிண்ணக் கூரைக்கு ஒரு குணம் உண்டு. அந்தக் கோடியில் முணுமுணுத்தால் இந்தக் கோடியில் காதோரம் கேட்கும். அவர் குரல் மட்டும் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"டிஸ்க் இல்லைங்குது. கழட்டின ஹார்ட் டிஸ்க்கையே தேடிட்டிருக்கு, பாவம். மொதல்ல பென் டிரைவைப் பாருன்னு செட்டிங்ல சொல்லணும்."

சொன்னாள். மறுபடி ஆன் செய்தாள். இப்போது அவள் எழுதிய பட்டியல் வந்தது. 'வானம்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளை வரிகள் கூரையெங்கும் ஓடின, மழை கீழிருந்து மேலே பெய்கிற மாதிரி. சாவிக்கார அக்கா, "அடேயப்பா, இதுவே நல்லாத்தானே இருக்கு" என்றார்.

ஓடிய வரிகள் நின்றன. கடைசி வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சா?"

"இல்லைங்க. டிஸ்க் கிடைக்கலைன்னு நிக்குது. நான் செருகின இந்த நீலப் போர்ட் பழைய மெஷின்ல இப்படித்தான் முரண்டு பிடிக்கும். பின்னாடி கறுப்புல போடறேன்."

கறுப்பில் போட்டாள். மழை பெய்தது, நின்றது, கோடு சிமிட்டியது.

"சில பென் டிரைவ் மெதுவாத்தான் முழிக்கும். அரை நிமிஷம் பொறுத்துப் பாருன்னு எழுதறேன்."

எழுதினாள். அரை நிமிஷம் பொறுத்தார்கள். அந்த அரங்கத்தில் அரை நிமிஷம் நீளமாக இருந்தது. புரொஜெக்டரின் வெளிச்சக் கற்றையில் தூசி அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. அது தன் மூச்சா, கணவரின் மூச்சா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு கோடு மறுபடி வந்து சிமிட்டியது.

"மூணு மணி ஆச்சும்மா" என்றார் சாவிக்கார அக்கா, பாதித் தூக்கத்தில்.

"உன் லேப்டாப்பைக் கொண்டு வந்திருக்கலாம்ல? அதையே புரொஜெக்டர்ல மாட்டியிருக்கலாம்" என்றார் கணவர்.

"கொண்டு வந்திருக்கலாம். நேத்து யாரோ அதுக்குக் காபி குடுத்தாங்களே, நிறைய்ய."

"அது உன் தப்பு. கப்பு வைக்கிற இடத்துல லேப்டாப்பை வச்சா?"

"லேப்டாப் வைக்கிற இடம் அது. வாயைத் திறந்து போட்டுக் காய வச்சிருக்கேன். இன்னும் காபி வாசனை போகலை."

எதிர்ப்பக்கத்தில் சிரிப்புச் சத்தம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பென் டிரைவில் எழுதியதே கெட்டுப்போயிருந்தால்? அதைச் சரிபார்க்க இங்கே வேறு மெஷின் இல்லை. கடைக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம். அதற்குள் லாரி வந்துவிடும். அடுத்த வானத்துக்கு எங்கே போவது? அதுவரை அந்த மோதிரம் திறந்திருக்குமா?

மேஜைக்கு அடியில் புகுந்து கேபிள்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. வெளியே வர மனமில்லாமல் கம்ப்யூட்டரின் வெதுவெதுப்பில் தலையைச் சாய்த்தாள். ஒன்பது நாள் தூக்கம் மிச்சமிருந்தது, சமயம் பார்த்து வந்து அமுக்கியது. கண்ணை மூடிய மாத்திரத்தில் கூரையிலிருந்த எழுத்துக்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து, நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தன. எல்லாம் அவளையே பார்த்தன. என்னவோ கேட்டன. கேட்டதையே பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டன.

"வி" என்றது ஒன்று, காதோரம்.

அவள் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கி மேஜையில் இடித்துக்கொண்டாள்.

"வி" என்றார் கணவர் மறுபடி. "அடுத்து... இரு, கொஞ்சம் தள்ளியிருக்கு... ஏ."

"என்னங்க பண்றீங்க?"

"படிக்கிறேன். எனக்கு எழுத்து தெரியுது! ஒவ்வொண்ணா வருது. எவ்வளவு பெருசு! அடுத்ததும் ஏ."

"அதைப் படிச்சு என்ன ஆகப்போகுது? டிஸ்க் கிடைக்கலைன்னு போட்டிருக்கு. அவ்வளவுதான்."

"நீ சொன்னது ரெண்டே வார்த்தை. மேலே ஒரு முழு வரி இருக்கு. சுருக்காதே."

அது அவருடைய தொழில் பழக்கம். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, 'வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை' என்று யாராவது பதறினால், "சுருக்காதீங்க. அவங்க என்ன சொன்னாங்களோ அதை அப்படியே சொல்லுங்க" என்பார். ஒரு நாள் அப்படித்தான், சாதாரண வயிற்று வலி என்று வந்த அழைப்பில் 'இடது கை மரத்துப்போச்சு' என்ற நாலாவது வாக்கியத்தைக் கேட்டு வாங்கினார். அந்த நாலாவது வாக்கியத்துக்காரர் இன்றும் வருஷத்துக்கு ஒரு முறை ஃபோன் செய்து வெறுமனே நலம் விசாரிக்கிறார்.

மெக்கானிக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு பார்வையில் முழு வரியும் கண்ணில் விழுந்துவிடும், விழுந்த உடனே அர்த்தத்தை எடுத்துக்கொண்டு எழுத்துக்களைத் தூக்கிப் போட்டுவிடுவாள். அவருக்கோ ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான். அதனால் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

"என்... ஏ... எம்" என்று முடித்தார். "வானம். சரியா? வானம்னு பேர் வச்ச டிஸ்க் இல்லைன்னு சொல்லுது."

"ஆமா. அந்தப் பேரை வச்சுத்தான் அது பென் டிரைவைத் தேடும். நான்தான் அப்படி எழுதி வச்சேன்."

"ஓ."

கூரை அந்த 'ஓ'வைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தது.

"என்ன ஓ?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாத ஓ இல்லை அது. இருபத்தாறு வருஷமாக் கேட்டுட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"நீ கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்தப் பேரை நான் மாத்திட்டேன்."

அவள் மேஜைக்கு அடியிலிருந்து முழுசாக வெளியே வந்தாள்.

"புதன்கிழமை நீ புதுசை என் கையில குடுத்து, இதைத்தான் கொண்டு வரணும்னு சொன்னியா? ரெண்டும் ஒரே மாதிரி, ஒரே கனம். வீட்டுல என் கம்ப்யூட்டர்ல போட்டா, திரையில இருக்கறதை எனக்கு வாசிச்சுச் சொல்ற அந்தப் பேசற பொம்பளை ரெண்டையும் 'வானம், வானம்'னே வாசிக்கிறா. வெள்ளிக்கிழமை மாத்தி எடுத்துட்டு வந்துட்டா என்ன பண்றது? அதனால புதுசுக்கு மட்டும் வேற பேரு வச்சேன். இன்னிக்குக் காலையிலகூட போட்டுக் கேட்டேன், சரியாச் சொன்னா. அதான் புதுசேதான்னு அவ்வளவு தைரியமாச் சொன்னேன்."

அவளுக்கு மூக்கு வரைக்கும் கோபம் வந்து, அதற்கு மேல் ஏறாமல் நின்றது. நீலப் போர்ட் இல்லை. கெட்டுப்போகவும் இல்லை. எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. இந்த மனுஷன் தப்பாக எடுத்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் செய்த காரியம்.

"என்ன பேரு வச்சீங்க?"

எதிர்ப்பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது.

"நேரம் போகுதுங்க. மூணு இருபத்தஞ்சு."

"சிடுமூஞ்சி" என்றார் மெதுவாக.

"திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம். பேரைச் சொல்லுங்க."

"அதான் பேரு."

கதவோரத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சாவிக்கார அக்கா எப்போது விழித்தார் என்று தெரியவில்லை. "பொண்டாட்டி செஞ்ச வானத்துக்கு வைக்கிற பேரா இது, தம்பி?"

"மறக்காத பேரா வைக்கணும்னு பார்த்தேன்க்கா. அந்தப் பேசற பொம்பளை அதை வாசிக்கிறதைக் கேக்கணுமே நீங்க. மூக்கடைச்ச மாதிரி, 'சிடு மூஞ்ஜீ'ன்னு."

மெக்கானிக் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தாள். பட்டியல் வந்ததும் தொடங்க விடாமல் நிறுத்தி, உள்வரியைத் திறந்தாள். கூரையின் உச்சியில் ஆறு எழுத்துக்களாக வானம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அழித்தாள்.

"எப்படி அடிச்சீங்களோ அப்படியே சொல்லுங்க. சுருக்காதீங்க."

"எஸ். ஐ. டி. யூ."

அவர் சொல்லச் சொல்ல, அவளுடைய பட்டப்பெயர் அந்த வெள்ளைக் கூரையில் ஜன்னல் ஜன்னலாகத் திறந்துகொண்டது. உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் இவ்வளவு பெரிசாகப் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கன்னம் ஏன் சுடுகிறது என்று மட்டும் புரியவில்லை.

"ஓகே?" என்றாள்.

"ஓகே."

மழை கீழிருந்து மேலே பெய்தது. நிற்கவில்லை. பெய்து பெய்து மெலிந்து, கடைசி வரியும் மேலேறி மறைந்தது. அரங்கம் முழுக்க இருண்டது. நாற்காலிகள் போயின, மேஜை போனது, அவள் கையே அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கூரையின் ஓரத்தில், வெளியே இருந்து யாரோ விளக்கைத் தூக்கிக் காட்டுவது போல, முதல் நட்சத்திரம் ஏறியது.

அவள் தடவித் தடவி நடந்து அவர் பக்கத்து நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள். கையைத் தேடிப் பிடித்தாள்.

"வருது" என்றார் அவர். "ஓரத்துல ஒரு வெளிச்சம்... உள்ளே வந்துடுச்சு. நடுவுல நிக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு வெள்ளையாவா இருக்கும்? நான் மஞ்சள்னு நினைச்சுட்டிருந்தேன்."

"அடுத்தது மஞ்சள்தான்."

"அவசரப்படாதே, இது போகட்டும்."

அது போயிற்று. மஞ்சள் வந்தது. அதன் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு ஏழெட்டு வந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க ஆரம்பித்தார். நடுங்கிக்கொண்டே வந்த ஒன்று, தினமும் மாத்திரை நேரம் கேட்டு ஃபோன் செய்கிற பெரியவராம். பளீரென்று வந்த ஒன்று, பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற தலைமை டாக்டர்.

"அதோ அந்தச் சின்னது?" என்றார் சாவிக்கார அக்கா இருட்டிலிருந்து. "அது நானா?"

"நீங்க வர்றப்ப சத்தம் கேட்கும்க்கா."

அக்கா சிரித்தார். சாவிகள் குலுங்கின.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார்கள் என்று தெரியாது. நாற்காலியும் தரையும் விலகி, மூன்று பேரும் எதிலோ மிதந்து போகிற மாதிரி இருந்தது. திடீரென்று எங்கோ தொலைவில் ஒரு ஹார்ன். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"நாலு மணி" என்றாள் அவள். கால்வாசி வானம் இன்னும் பாக்கி.

அவள் பிடித்திருந்த கை இறுகியது.

"இப்ப ஒண்ணும் தெரியலை" என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமே தெரியலை. இருட்டு." பிறகு சிடுமூஞ்சி என்று சொல்லாமல், அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் சட்டென்று அவர் பக்கம் புரண்டாள். இத்தனை சீக்கிரமாகவா? இங்கேயேவா? அவர் தலைக்கு மிக அருகில் தன் தலையைக் கொண்டுபோய் வைத்து, அவர் முகம் பார்க்கிற திசையில், அதே இடத்தை அண்ணாந்து பார்த்தாள். இருட்டு. அவளுக்கும் இருட்டுதான். ஒன்பதாவது நாள், தூங்கி வழிந்துகொண்டே, வானத்தின் கடைசிப் பகுதியை எழுதியது ஞாபகம் வந்தது. அங்கே நட்சத்திரங்கள் குறைவு. பெரிய இடைவெளி ஒன்று விட்டிருந்தாள்.

"எனக்கும் தெரியலைங்க" என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. "அங்கே ஒண்ணும் இல்லை. நான் வைக்கலை. இருங்க, வரும்."

"உனக்கும் இருட்டாத்தான் இருக்கா?"

"சத்தியமா."

"அப்ப சரி" என்று அவர் மூச்சை விட்டார்.

கதவு இன்னும் பலமாகத் தட்டப்பட்டது. "அக்கா! லாரி வந்தாச்சு, திறங்க!"

"வர்றேன்ப்பா!" என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கத்தினார் சாவிக்கார அக்கா. "சாவியைக் காணோம். தேடிட்டிருக்கேன்!"

மெக்கானிக் திரும்பிப் பார்த்தாள். கூரையின் ஓரத்திலிருந்து வந்த மங்கிய வெளிச்சத்தில் அக்கா தெரிந்தார். ஒரு சாவிகூடச் சத்தம் போட்டுவிடாமல், அந்தப் பெரிய வளையத்தை இரண்டு கைகளாலும் இறுக்கி மடிக்குள் பொத்தி வைத்திருந்தார்.

"பேரை மறுபடியும் மாத்திடுவியா?" என்றார் கணவர்.

"பேரு இருக்கட்டும். உள்ளே எழுதினதை அதுக்குத் தக்கபடி மாத்திக்கிறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

"வருது" என்றார்.